ஓரெஸ்டின் ஆறாவது பகுதி

உங்கள் அப்பா ஓரெஸ்டுக்கு ரசம் என்றால் உயிர். பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் சோற்றை ஒதுக்கிவிட்டு மூன்று டம்ளர் குடிப்பார். கடைக்கார அமுதவள்ளி அக்கா, "வெள்ளைக்கார அங்கிளுக்கு இன்னொரு ரசம்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.

நேற்று கல்லறையில் நீங்கள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள், ஹலினா. கடைசி ஐந்து மாதம் அப்பா ஏன் பேசவில்லை, உங்கள் மேல் என்ன கோபம் என்று. எனக்குத் தெரியாது என்றேன். அது பொய். தமிழில் எழுதுகிறேன், ஆங்கிலம் என்றால் நல்ல சொல்லாகத் தேடி அதன் பின்னால் ஒளிந்துகொள்வேன். எங்கள் பாடகர் குழுவில் பாடும் பெர்னிஸ் உங்களுக்கு மொழிபெயர்த்துத் தருவாள். அவளுக்கும் இது இப்போதுதான் தெரியப்போகிறது.

நான் ரயில்வேயில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறேன். உங்கள் அப்பா சுபாங் ஜெயாவில் இசை கற்றுக்கொடுக்க வந்தவர். உங்கள் நாட்டில் போர் வந்து ஊருக்குத் திரும்ப முடியாமல் போனது. பிறகு கண்ணும் போனது. அவர் பாடுவார், நான் எழுதுவேன். எங்கள் குழுவில் பலருக்கு ஐந்து கோட்டுக் குறியீடு படிக்க வராது. டோ, ரே, மீ என்று தமிழ் எழுத்தில் எழுதிவைத்துத்தான் நான்கு குரலும் பாடுவோம். அவர் இசையையும் அப்படித்தான் எழுதினேன். "என் இசையை இனி உன்னால் மட்டும்தான் படிக்க முடியும், கிரிகரி" என்று சிரிப்பார். அவருடைய போனும் என் கையில்தான். நீங்கள் அனுப்புவதைப் படித்துக் காட்டுவதும், அவர் சொல்வதைத் தட்டி அனுப்புவதும் நான்தான்.

உங்கள் அம்மா இறந்தபோது அவர் தொடங்கிய திருப்பலி இசையில் ஐந்து பகுதி முடிந்திருந்தது. ஆறாவது நகரவே இல்லை. எட்டு மாதம் எழுதினார், எழுதியதை எல்லாம் கிழிக்கச் சொன்னார். அவருக்குப் பேர் வாங்கித்தந்த, நான்கு தந்திக் கருவிகளுக்கான இசை அவருடைய அண்ணன் செத்த வருடம் எழுதியது. "நான் நன்றாக எழுத வேண்டுமானால் யாராவது சாக வேண்டியிருக்கிறது" என்பார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

அப்புறம் உங்கள் ஊரில் ஏவுகணை விழுந்த செய்தி வந்தது. மூன்று நாள் உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. அவர் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை ஆறாவது பகுதியை ஒவ்வொரு குரலாகப் பாடத் தொடங்கினார். ஆண்குரல்கள் கீழே ஒரே சுரத்தில் நிற்க, பெண்குரல் மெல்ல மெல்ல இறங்கி வந்து, அதைத் தொடாமல் நின்றது. நாற்பது வருடமாகப் பாட்டு எழுதுகிறேன். அப்படி ஒன்று என் பேனாவில் இறங்கியதில்லை.

நான்காம் நாள் மதியம் உங்கள் செய்தி வந்தது. நிலவறையில் இருந்தோம், மின்சாரம் இல்லை, எல்லோரும் நலம் என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய அடுக்குமாடிப் படிக்கட்டில் நின்று படித்தேன். மேலே போனதும், "ஹலினா எழுதினாளா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை" என்றேன்.

ஒரு நாள்தானே என்று நினைத்தேன். அன்றைக்குப் பதினாறு தாளக்கட்டு எழுதினோம். மறுநாளும் கேட்டார், மறுநாளும் அதையே சொன்னேன். ஒரு வாரம் கழித்து அவரே, "செத்துவிட்டாள், இல்லையா?" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவருக்குப் புது எண் வாங்கினேன். பழைய எண்ணை என் போனில் போட்டுக்கொண்டேன். நீங்கள் அழைத்தால் எடுக்கவில்லை, எழுதிய எல்லாவற்றையும் படித்தேன். "அப்பா, கோபமா?" என்று கேட்டதையும்.

ஒருமுறை பெர்னிஸ், "அங்கிள், அவரு மக பேர சொல்லுங்க, நான் பேஸ்புக்ல தேடிப் பாக்குறேன்" என்றாள்.

"வேணாம்மா. அவரு மனசு தாங்காது."

"உயிரோட இருந்தா நல்லதுதானே லா?"

"விடும்மா, பிராக்டிஸ் இருக்கு" என்றேன்.

உங்கள் ஆன்மாவுக்காகத் தேவாலயத்தில் ஒரு பூசை வைக்கச் சொன்னார். வைத்தேன். உயிரோடிருக்கும் உங்கள் பெயரைச் சாமியார் வாசித்தார், மெழுகுவத்தி ஏற்றினார்கள். உங்கள் அப்பா முன்வரிசையில் அழுதுகொண்டிருந்தார். பாடகர் குழுவுக்கு முன்னால் கை அசைத்து நடத்தியது நான். ஆனாலும் தாளம் தப்பவில்லை.

ஜூனில் ஆறாவது பகுதி முடிந்தது. அன்றே சொல்லியிருக்கலாம். கீழ்க்குரலைத் திருத்த வேண்டும் என்றார், திருத்திவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். திருத்தியதும், எங்கள் ஆட்கள் ஒருமுறை பாடிக் காட்டட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பதினோராம் நாள் போய்விட்டார். இதயம் என்றார் டாக்டர். உங்களிடம் போவதாக நினைத்துத்தான் போனார், ஹலினா. அவருக்கு உங்கள் மேல் கோபமே இல்லை.

நான் செய்தது இதுதான். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை, கேட்கவும் இல்லை. ஆறாவது பகுதியை மட்டும் கோட்டுக் குறியீட்டில் சுத்தமாகப் படியெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஊருக்குப் போய் நல்ல குழுவாகப் பார்த்துப் பாடச் சொல்லுங்கள். ஒருமுறை கேட்டுவிட்டால், அன்றைக்கு நான் ஏன் "இன்னும் இல்லை" என்றேன் என்று உங்களுக்கே விளங்கும்.