அஞ்சு இஞ்ச் சைலன்சர் பைப்

எடமலைப்பட்டி புதூரில் நான் பஸ் ஏறி உட்கார்ந்ததும், முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்த பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்:

“நாலு இஞ்ச்ல மூச்சு முட்டுதுன்னு எங்க வீட்டுக்காரர் ஆறு இஞ்ச் கேட்டாரு. அஞ்சுதான்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன்.”

“எதுக்குங்க?”

“எங்க லாரிக்கு, சைலன்சர் பைப்.”

“பெருசா இருந்தா நல்லதுதானே?”

“எங்க இன்ஜினுக்கு அஞ்சே தாராளம். அதுக்கு மேல போனா சத்தம்தான் கூடும், இழுவை கூடாதுங்க. பட்டறையில எல்லார் முன்னாடியும் சண்டை. இப்ப லோடோட மேடு ஏறினாலும் கரும்புகை வரல.”

“அவரு என்ன சொல்றாரு?”

“ஆறு போட்டாத்தான் ஊரே திரும்பிப் பாக்கும்னு இன்னும் குறைப்படுறாரு.”

சிக்னலில் பஸ் நின்றது. அவள் ஜன்னல் பக்கம் கை காட்டினாள்.

“இப்ப நமக்குக் குறுக்க ஒரு லாரி போச்சே, பாத்தீங்களா?”

“இல்லையே. சத்தமே கேக்கலைங்க.”

“அதாங்க எங்களோடது.”