செல்லுக்குள் இருந்த நூல்

ஈப்போவிலிருந்து காம்பார் போகும் பஸ்ஸில், பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கை, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அக்காவிடம் சொன்னாள்:

“நம்ம உடம்பு செல்லுக்குள்ளயும் எலும்பு மாதிரி ஒண்ணு இருக்குக்கா. நூல் நூலா.”

“பாத்தியா?”

“படமே பிடிச்சிட்டேன். நல்ல செல்லுல நூல் நேரா ஓடும். புற்றுநோய் செல்லுல கலைஞ்சு கிடக்கும்.”

“போன தடவ படத்துல ஒண்ணுமே விழலன்னு அழுதியே? பெயிலானா கல்யாணம்னாரே அப்பா.”

“நூலு தெரியப் போடுறது மின்னுற சாயம்க்கா. கொஞ்ச நேரம் விளக்கு பட்டா மங்கிரும். அழகா இருக்கேன்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன்.”

“வெயில் ஏறினப்புறம் மரம் வெட்டுனா பால் வருமா?”

“அதேதான்! இந்தத் தடவ விளக்கு போட்ட உடனே பிடிச்சேன். பாஸ்!”

தங்கை பையிலிருந்து எடுத்துக் கொடுத்த இரண்டு படங்களையும் அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பஸ்ஸே பார்த்தது. என் மகளைப் படிக்க அனுப்பிவிட்டுப் பயந்துகொண்டு பின் சீட்டில் இருந்த நானும் எட்டிப் பார்த்தேன்.

“அப்பா இத சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுவாருலா.”

“புற்றுநோயையுமா?”

“நீ பிடிச்சதுல்ல? ரெண்டையும்தான்!”