எழுந்திருக்க விடாத நாற்காலி

மேடையில் வீற்றிருக்கும் ஹிமி நகர மேயர் அவர்களே, டோக்கியோவிலிருந்து பனியில் ரயிலேறி வந்திருக்கும் எங்கள் கட்சியின் பொதுச்செயலாளர் அவர்களே, வேலை முடிந்த கையோடு சீருடையிலேயே வந்து பின்வரிசையில் நிற்கும் முதியோர் இல்லப் பணியாளர்களே, அண்ணனை இழந்து என் எதிரே தலைகுனிந்து அமர்ந்திருக்கும் கட்சுயே அவர்களே! மிசோகுச்சி கயோ என்னும் நான் இந்த நினைவுக் கூட்டத்தில் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

இசோபே தெத்சுரோ! இந்த ஊரில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். தொழிலாளர், சமூகநலம், சுகாதாரம் மூன்றையும் கவனிக்கும் நாடாளுமன்றக் குழுவின் தலைவராக உயர்ந்தவர். அப்போது அவர் ஆளுங்கட்சி, நான் எதிர்க்கட்சி. எதிர்வரிசையில் இருந்தவளுக்கு இங்கே என்ன வேலை? சொல்கிறேன்.

குழுவின் உறுப்பினர் பேசலாம், கத்தலாம், வெளிநடப்பும் செய்யலாம். தலைவர்? பெயர் சொல்லி அழைக்கலாம், வாக்கெடுப்பை அறிவிக்கலாம். சொந்தக் கருத்தைச் சொல்ல வாயில்லை. இரு பக்கமும் சமமாக நின்றாலொழிய வாக்குமில்லை. அப்படியொரு நாற்காலியில் அவர் இருந்தபோதுதான் அந்த மசோதா வந்தது. முதியோர் இல்லங்களில் இரவுப் பணிக்கு ஒரு மாடிக்கு ஒரே ஒருவர் போதும் என்றது மசோதா. ஆள் கிடைக்கவில்லை என்பது அவருடைய கட்சி சொன்ன காரணம்.

அந்த இரவுப் பணியைத்தான் அவருடைய தங்கை கட்சுயே செய்துகொண்டிருந்தார். தொலைபேசியில் கேட்டாராம்: "ரெண்டு பேரு ஒரே நேரத்துல மணி அடிச்சா நான் யாருகிட்ட ஓடறது அண்ணா? அத மட்டும் சொல்லிட்டு உங்க சட்டத்தப் போட்டுக்கோங்க."

"நான் எங்க போடறேன் கட்சுயே? நான் சும்மா உக்காந்திருக்கேன்."

"அப்ப எந்திரிச்சு வா!"

எழுந்து வந்திருக்கலாமே! நானும் கேட்டேன். நாடாளுமன்ற உணவகத்தில் அவர் முன்னால் நூடுல்ஸ் ஆறிப்போய்க்கொண்டிருந்தது. அவர் தொடவேயில்லை.

"நான் எந்திரிச்சா வேற ஒருத்தன் வந்து உக்காருவான்மா. உக்காந்த சூட்டோட மசோதாவ முடிச்சுடுவான். உக்காந்திருந்தா நான் அவங்க கையில இருக்கற கருவி. எந்திரிச்சா ஒண்ணுமேயில்ல. எந்தப் பக்கம் போறதுன்னு நீங்களே சொல்லுங்க."



முதியோர் இல்லப் பணியாளர்களைக் குழு முன் அழைத்துக் கேட்போம் என்று இசோபே யோசனை வைத்தார். அவர் கட்சி உறுப்பினர்களே அதைத் தோற்கடித்தார்கள். அவர்களுடைய கொறடா கராசவா, தாழ்வாரத்தில் என் காதுபடவே சொன்னார்: "தலைவரே, கூட்டத்தொடர் முடியறதுக்குள்ள இது முடியணும். இல்லேன்னா அடுத்த தேர்தலுக்கு உங்க ஹிமி தொகுதிக்கு வேற முகம் பாத்து வெச்சிருக்கோம்."

"நல்ல முகமா பாருங்க. எங்க ஊர் மழைல போஸ்டர் சீக்கிரம் வெளுத்துடும்" என்றார் இசோபே. சிரித்துக்கொண்டே சொன்னார்.

கூட்டத்தொடரின் கடைசி நாள் வந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் வாக்கெடுப்பு நடக்காவிட்டால் மசோதா காலாவதியாகிவிடும். விவாதத்தை முடித்து, எழுந்து நின்று வாக்கெடுப்பை அறிவிக்கும்படி கராசவாவின் ஆட்கள் கூச்சலிட்டார்கள். எதிர்க்கட்சியினர் நாங்கள் பாய்ந்து சென்று தலைவரைச் சுற்றிவளைத்தோம். மைக்கை ஒருவர் பிடித்தார். மேசைமேல் ஒருவர் ஏறினார். இசோபேயின் மூக்குக்கண்ணாடி கோணிக்கொண்டது. நான் அவர் தோளருகே நின்றேன். அப்போது என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்கம்மா. நான் எந்திரிக்க முடியாதபடி."

சபையோரே! நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரித்த அந்தக் காட்சி, நாற்காலியில் நசுங்கிக் கிடந்த தலைவர், அது அவர் கேட்டு வாங்கிய சிறை! ஐந்து மணி அடித்தது. மசோதா செத்தது. நாங்கள் ரவுடிகள் என்று பெயர் வாங்கினோம். அவர் கையாலாகாதவர் என்று பெயர் வாங்கினார். தான் உயிரோடு இருக்கும்வரை இதை வெளியே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். இன்று சொல்கிறேன்.

பிறகென்ன நடந்தது? பதவி போயிற்று. கட்சி டிக்கெட் போயிற்று. சுயேச்சையாக நின்று தோற்றார். அடுத்த கூட்டத்தொடரில் புதிய தலைவர் அதே மசோதாவை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே நிறைவேற்றினார். இன்றும் அதுதான் சட்டம்.

நுரையீரல் கெட்டு, தங்கை வேலை பார்க்கும் இல்லத்திலேயே, அவர் கவனிக்கும் மாடியிலேயே படுத்தார் இசோபே. சென்ற மாதம் ஒருநாள் விடியும் நேரம் இரண்டு அறைகளில் ஒன்றாக மணி அடித்தது. ஒன்று குளியலறையில் விழுந்துவிட்ட ஒரு மூதாட்டியுடையது. மற்றொன்று அண்ணனுடையது. மாடியில் கட்சுயே ஒருவர்தான். அவர் மூதாட்டியிடம் ஓடினார். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

"அண்ணன்தானே, கொஞ்சம் பொறுத்துப்பான்னு நெனச்சேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார் கட்சுயே.

அம்மா, நிமிர்ந்து பாருங்கள்! நீங்கள் யாரையும் கைவிடவில்லை. இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடு என்று உங்களைத் தனியாக நிறுத்தியது யார்? சட்டம்! அதை எழுதியது யார்? எங்கள் நாடாளுமன்றம்!

இன்று எங்கள் கட்சி ஆட்சியில் இருக்கிறது. அதே குழுவுக்கு நான் தலைவர். இரவுப் பணிக்கு மாடிக்கு இருவர் என்று மாற்றும் திருத்த மசோதா தயாராக இருக்கிறது. ஆனால் இன்று காலை ரயிலில் எங்கள் பொதுச்செயலாளர் என்னிடம் சொன்னார்: "பட்ஜெட் முடியட்டும் கயோ. இந்தத் தடவ வேணாம். உங்களுக்கும் எதிர்காலம் இருக்குல்ல?" ஆட்சி மாறினாலும் நாற்காலி மாறவில்லை. அது எப்படி இறுக்குகிறது என்று எனக்கும் இப்போது தெரிகிறது.

ஆகவே இசோபே அவர்களின் படத்துக்கு முன் நின்று சொல்கிறேன். குழு கூடும் முதல் நாளிலேயே இந்தத் திருத்தத்தை விவாதத்துக்கு எடுப்பேன். குழுவின் முன் பேச முதலில் அழைக்கும் பெயர் இசோபே கட்சுயே.

பொதுச்செயலாளர் அவர்களே, நீங்கள் தலையசைக்கவில்லை. கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பரவாயில்லை. இத்தனை பேர் கேட்கச் சொல்லிவிட்டேன். இனி நான் நினைத்தாலும் பின்வாங்க முடியாது.