பஸ்ஸில் முடிவான காலேஜ்

எனக்கு எழுத்து கோர்வையாக வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள். கீழவைப்பாரிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் பஸ்ஸில், முன்சீட்டில் கடலுக்குப் போகிற ஒருவரும் டாக்டருக்குப் படித்த அவர் மகளும் இருந்தார்கள். மனநல மேல்படிப்புக்கு பெரிய காலேஜ், சின்ன காலேஜ் இரண்டில் எதை முதலில் எழுதுவது என்று பேச்சு. சாயங்காலத்துக்குள் பட்டியல் அனுப்ப வேண்டுமாம்.

"ஏளா, புதுப் படகுல ஏறுமுன்ன ஓனர்ட்டயா கேப்போம்? இறங்கிப் போனவன்ட்டல்லா கேப்போம்!"

"கேட்டேம்ப்பா. பெரிய காலேஜ்ல பாதியில விட்டுட்டு வந்த ஒரு சீனியர் அக்கா, நோயாளி அடிக்க வந்தாலும் தனியாத்தான் நிக்கணும், அழுதா கேலி பண்ணுதாங்கன்னு சொன்னாங்க."

"சின்ன காலேஜ்ல?"

"விட்டுட்டுப் போனவங்களத் தேடுதேன், ஒருத்தரும் இல்ல! படிச்சு முடிச்சவங்களும் அங்கனயே வேலைக்குச் சேந்துட்டாங்க!"

"இறங்க மனசில்லாத படகுல்லா அது! ஏறு!"

"அம்மைக்குப் பெரிய பேருதான் வேணுமாம்."

"அவளா வந்து படிக்கப் போறா?"

மகள் சிரித்துக்கொண்டே போனை அமுக்கினாள். "சின்ன காலேஜத்தான் முதல்ல எழுதி அனுப்பிட்டேன்ப்பா!"

அவள் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் இறங்க வேண்டிய இடம் தாண்டியிருந்தது. முதலில் எழுதினால் அதே காலேஜ் கிடைத்துவிடுமா? விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள்.