ஆறு குடித்தனம், ஒரு மீட்டர்

மீன் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. இந்தக் குமாசி ஊர் வெயிலில் அது கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். வாடகை ஆபீஸிலிருந்து இவ்வளவு தூரம் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள், நானே சொல்லிவிடுகிறேன்.

இந்த முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனம். எல்லோருக்கும் ஒரே மீட்டர். முன்பணம் போட்டால் கரண்ட், தீர்ந்தால் இருட்டு. யார் பங்கு எவ்வளவு என்று வீட்டுக்காரி நான்தான் சொல்வேன். ஒவ்வொரு அறையாகப் போய் டிவி, ஃபேன், இஸ்திரிப் பெட்டி எல்லாம் எண்ணுவேன். கட்டிலுக்கு அடியிலும் பார்ப்பேன். எனக்கு யாரிடமும் ஓரவஞ்சனை கிடையாது.

ஈஸ்டர் நெருங்கியதிலிருந்து போட்ட பணம் பொசுக்கென்று தீர ஆரம்பித்தது. ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். எனக்கும் வயிறு எரிந்தது. யாரோ திருட்டுத்தனமாகக் கரண்ட் அடுப்பு வைத்திருக்கிறார்கள் என்றேன். தையல்காரி செர்வாமேல்தான் சந்தேகம். நிறைமாதக்காரி, வெந்நீர் கேட்கும் உடம்பு.

"சத்தியமா இல்லம்மா, கரி அடுப்புலதான் காய்ச்சுறேன். இந்த நிலைமைல வெளிய அனுப்பினா நான் எங்க போவேன்?" என்று அழுதாள்.

"அப்போ கரண்ட்ட பல்லியா குடிக்குது?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாதக் கடைசியில் காலி செய்யச் சொன்னேன்.

குடியிருப்பவர்களில் முடி வெட்டும் ஒவுராக்கு என்பவன் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "சோதிச்சுப் பாத்துட்டு அனுப்புங்கம்மா" என்றான். நியாயம்தானே. ஆறு அறையிலும் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். கரண்ட் ஓடினால் மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டும்; அப்புறமும் சிமிட்டினால் செர்வா திருட்டு ஒயர் இழுத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

சிமிட்டியது. "பாத்தீங்களா?" என்றேன்.

ஒவுராக்கு அவளைப் பார்க்கவில்லை. மீட்டரிலிருந்து கிளம்பிய ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தான். சுவரைத் தாண்டி என் மீன்கடைக்குள் போனான். அங்கே மூன்று ஃப்ரீசர். பிளக்கைப் பிடுங்கினான். சிமிட்டல் நின்றது.

செர்வா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, பல்லி மீன் ருசி கண்டுடுச்சு போல!"

ஆமாம் ஐயா, ஈஸ்டர் வியாபாரத்துக்கு அந்த ஒயரை இழுக்கச் சொன்னவள் நான்தான். ஆனால் திருடியிருந்தால் நானே சோதனை வைப்பேனா? செர்வாவின் இஸ்திரிப் பெட்டி சூடு பண்ணுகிறது, அதற்குக் கரண்ட் வேண்டும். என் ஃப்ரீசர் சும்மா குளிர்ந்துகொண்டுதானே இருக்கிறது?

மீன் கெடுமே என்று பிளக்கை மறுபடி மாட்டிவிட்டேன். செர்வா காலி செய்யட்டும், பாருங்கள், கரண்ட் தானாக மிஞ்சும்.