எரிந்த கரும்புக்கே முதல் லாரி

பெயர் ஜோக்கன். தகப்பனார் ராம் ஔதார், காலமாகிவிட்டார். வயது நாற்பத்தேழு. வசிப்பது வனுவா லெவு தீவில் நாவுதிலேவு குடியிருப்பு. தொழில், பத்து ஏக்கர் குத்தகை நிலத்தில் கரும்பு. பதினாறு குடும்பம் சேர்ந்த எங்கள் வெட்டுக் கூட்டத்துக்கு ஒன்பது வருடமாக நான்தான் சர்தார். யார் வயலை எப்போது வெட்டுவது என்று முறை சொல்கிறவன். தேவ் நாராயண் மாஸ்டரின் கரும்புக்குத் தீ வைத்தேன் என்று என் மேல் புகார். நான் வைக்கவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். சார்ஜென்ட் அபிசாய் எழுதிக்கொள்கிறார்.

இந்த வருடம் மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதன் பிறகு இடைக்கால அரசு என்று ஒன்று வந்தது. அது ஜூன் மாதம் பணத்தின் மதிப்பைக் குறைத்தது, அதற்கு அடுத்த வாரமே மாவு மூட்டையும் டின் மீனும் எங்கள் கைக்கு எட்டாமல் போயின. அதன் பிறகு மாஸ்டர் கூட்டம் போட்டார். அவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார், எங்கள் கரும்பு விவசாயிகள் சங்கத்தின் தலைவர். சர்க்கரை விற்றுத்தான் இந்த நாட்டுக்கு வெளிநாட்டுப் பணம் வருகிறது, அந்தப் பணத்தில்தான் பெட்ரோலும் மாவும் வாங்குகிறார்கள், கரும்பு வயலிலேயே நின்றால் இவர்கள் நம்மிடம் பேச வந்தே தீரவேண்டும் என்று விளக்கினார். கடைசியில், "ஒரு கத்தியும் வெளிய வரக்கூடாது. வந்தா அது என் பிணத்து மேலதான்" என்றார். எல்லோரும் ராமாயணப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தோம். சர்தார் என்பதால் முதல் கை என்னுடையது.

அதன் பிறகு ஜூன் போய் ஜூலையும் போயிற்று. ஆலையின் புகைபோக்கியில் புகை இல்லை. சிப்பாய்கள் இரண்டு தடவை என் வீட்டுக்கு வந்து, வெட்ட ஆள் அனுப்பு என்று துப்பாக்கியை மேசை மேல் வைத்துவிட்டுப் பேசினார்கள். முடியாது என்றேன். என் மனைவி ராஜ்மதி மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கையே அவித்தாள். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் வானொலியில் அரசு ஓர் அறிவிப்புச் செய்தது. நாசகாரர்கள் எரித்த கரும்பை ஆலை உடனே வாங்கிக்கொள்ளும், எரிந்த கரும்புக்கு விலையில் வழக்கமாகப் பிடிக்கும் பிடித்தத்தையும் பிடிக்காது. ஆனால் போலீசில் புகார் இருக்கவேண்டும், புகாரில் சந்தேகப்படும் ஆளின் பெயர் இருக்கவேண்டும். எரிந்த கரும்பு நாலைந்து நாளில் புளித்துவிடும் என்பதால் எந்த வெட்டுக் கூட்டத்திலும் எரிந்த வயலுக்குத்தான் முதல் முறை. அதனால்தான் வருடா வருடம் யாராவது ஒரு எமகாதகன் வரிசையைத் தாண்டுவதற்காகத் தன் வயலுக்குத் தானே தீ வைப்பான். அப்படி மூன்று பேரை நானே கையும் களவுமாகப் பிடித்து அபராதம் போட்டிருக்கிறேன். இவ்வளவும் தெரிந்த எனக்கு மாஸ்டர் மேல் சந்தேகம் வரவில்லை. அது என் முட்டாள்தனம், அதையும் எழுதிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி திங்கட்கிழமை மாஸ்டர் என் வீட்டுக்கு வந்து டீ குடித்தார். சிப்பாய்கள் சிகரெட்டும் கையுமாகத் திரிகிறார்கள், பொறி விழுந்தால் போச்சு, என் ஐந்து ஏக்கரைச் சுற்றித் தீ தாண்டாதபடி இடைவெளி வெட்டிக் கொடு என்று கேட்டார். மற்றவர்கள் வயலுக்கு வெட்ட வேண்டாமா என்றேன். "ஒண்ணொண்ணா எல்லாருக்கும் பண்ணுவோம். இந்தக் கூட்டத்துலயே நீதானப்பா சுத்தமா வெட்டுறவன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. செவ்வாயும் புதனும் தனி ஆளாக வெட்டினேன். வெளியிலிருந்து வரும் தீயைத் தடுக்க வேண்டுமானால் சோகையை, அதாவது கரும்பின் காய்ந்த தோகையை, வயலுக்கு வெளியே தள்ளுவதுதான் வழக்கம். அவர் உள்ளே தள்ளச் சொன்னார்; உள்ளே பிடிக்கும் தீ வெளியே தாண்டாமல் இருக்கத்தான் அப்படித் தள்ளுவார்கள். படித்தவர் சொல்கிறார் என்று உள்ளே தள்ளினேன். போகிற வருகிறவர்கள் எல்லோரும் நான் கத்தியோடு நின்றதைப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அந்த வயல் எரிந்தது. ஈரச் சாக்கோடு ஓடினேன். தீ ஐந்து ஏக்கரையும் தின்றுவிட்டு, நான் வெட்டிய இடைவெளியில் வந்து நின்றது. பக்கத்தில் என் தம்பி மஹாவீரின் வயலில் ஒரு தோகைகூடக் கருகவில்லை. மாஸ்டர் செருப்பில்லாமல் சாம்பலில் நின்று அழுதார். அதன் பிறகு எங்கள் கூட்டம் கூடியது. சத்தியம் சத்தியம்தான், ஆனால் வயல் எரிந்துபோனவனை எப்படிக் கைவிடுவது என்று கேட்டவன் நான். "அண்ணே, இன்னிக்கு இவருக்கு வெட்டினா நாளைக்கு ஊருக்கே வெட்டணும்" என்று மஹாவீர் சொன்னான். மனிதனா நீ என்று எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை வெட்டினோம். லாரி வருவதற்கு முன்பே போட்டோ எடுப்பவர் வந்திருந்தார். கரி அப்பிய முகத்தில் பல் மட்டும் தெரிகிறது என்று யாரோ கேலி செய்தார்கள், நான் சிரித்தேன். சனிக்கிழமை செய்தித்தாளில் அந்தச் சிரிப்பு வந்தது; கீழே, கரும்பு வெட்டு தொடங்கியது என்று போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என் தகரக் கூரையில் கல் விழுந்தது. கோயிலில் ராஜ்மதி கொடுத்த பிரசாதத்தை யாரும் கை நீட்டி வாங்கவில்லை. திங்கட்கிழமை வானொலியில், இடைக்கால அரசின் சர்க்கரைக் குழுவில் தேவ் நாராயண் மாஸ்டர் உறுப்பினர் என்றார்கள். செவ்வாய்க்கிழமை என்னைக் கைது செய்தார்கள்.

இந்த ஸ்டேஷன் வாசலில் மாஸ்டரைப் பார்த்தேன். புதுச் சட்டை போட்டிருந்தார். கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்: "கோவிச்சுக்காதே ஜோக்கன். ஒரு பேர் வேணும்னாங்க. உன் பேரைச் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க, விட்டுருவாங்கன்னு நினைச்சேன்." துப்பாக்கி வைத்திருந்தவர்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. அவர்கள் என் முகத்துக்கு நேரே நின்று கேட்டார்கள். இவர் என் வீட்டு டீயைக் குடித்துவிட்டு என் கையாலேயே செய்வித்தார். கரும்பை எரித்த வழக்கில் தண்டனை வந்தால் அடுத்த வருடம் என் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டார்கள். அந்தப் பத்து ஏக்கரைத் தவிர எனக்கு வேறு எதுவும் இல்லை.

நேற்றுக் காலை மஹாவீர் ரொட்டி கொண்டுவந்தான். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. "அண்ணே, சோகைய உள்ள தள்ளணுமா, வெளிய தள்ளணுமா?" என்று கேட்டான். வெளியே என்றேன். ரொட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மேற்படி வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருக்கையில், இன்று வியாழக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு, ஜன்னல் வழியாகக் கரும்புச் சாம்பல் வந்து மூன்றாம் பக்கத்தில் விழுந்தது. சார்ஜென்ட் ஊதினார், அது இழுபட்டுக் கறையாகிவிட்டது. அந்தக் கறை என் திருத்தம் அல்ல. வெளியே பார்த்தோம். இரண்டு இடத்தில் புகை. ஒன்று யாருடைய வயல் என்று தெரியவில்லை. இன்னொன்று யாருடையது என்று சார்ஜென்ட் கேட்டார். என்னுடையது என்றேன். எரிந்த கரும்பை ஆலைக்கு அனுப்ப, சாயங்காலத்துக்குள் என் தம்பி இங்கே புகாரோடு வருவான், அவனிடமும் ஒரு பெயர் கேட்பீர்கள். நான் செவ்வாய்க்கிழமையிலிருந்து இந்த ஸ்டேஷனை விட்டு வெளியே போகவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

முழுவதையும் படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னதெல்லாம் உண்மை. யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை.

(ஒப்பம்) ஜோக்கன்
முன்னிலை: சார்ஜென்ட் அபிசாய், ஆகஸ்ட் 20