நெட்டையும் கட்டெறும்பும்

— இல்ல மாப்ள, நீ எத்தன தடவ சொன்னாலும் சரி. நெட்டை மாதிரி ஒருத்தன் இனி பொறந்துதான் வரணும்.

— பொறந்து வந்து என்ன மாமா பண்ணுவான்? மறுபடியும் கோல் போஸ்ட் பக்கத்துல விளக்குக் கம்பம் மாதிரி நிப்பான்.

— நின்னான். ஆமா, நின்னான். நிக்கவேண்டிய எடத்துல நின்னான். அதுக்கும் மூளை வேணும்.

— பந்து வந்து மண்டையில மோதும். உள்ள போயிடும். என்ன நடந்துச்சுன்னு அவனே பக்கத்துல இருக்கவன்கிட்ட கேப்பான்.

— டேய்...

— நூத்திப் பதினாலு கோல்ல பாதிக்கு மேல மண்டைதான். காலு எதுக்கு இருந்துச்சுன்னே தெரியல.

— உன் ஆளு மட்டும்? கட்டெறும்பு! பந்தக் குடுடான்னா சொத்த எழுதிக் குடுன்னு கேட்ட மாதிரி பாப்பான்.

— குடுத்தா யாருக்குக் குடுக்கறது? உங்க நெட்டைக்கா? அவன் குனிஞ்சு பந்தப் பாக்கறதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிடும்.

— ஒரே டீம்ல நாலு வருஷம் ஒண்ணா ஆடினானுங்க. நாலு வருஷத்துல உன் ஆளு அவனுக்கு எத்தன பாஸ் குடுத்தான்?

— பதினொண்ணு.

— ஒம்போது.

— பதினொண்ணு மாமா. எண்ணி வச்சிருக்கேன்.

— அதுல ரெண்டு கால் தடுக்கிப் போனது. அதெல்லாம் சேத்தி இல்ல. அந்த பெனால்டிய எண்ணுனியா? வானத்துல அடிச்சானே. பந்து இன்னும் கீழ வரல.

— அன்னைக்கு மைதானம் ஈரம்.

— ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

— நீங்கதானே மாமா என்னை மொத மொதல்ல மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்க? அன்னைக்கு ரெண்டு கோலும் கட்டெறும்புதான்.

— அன்னைக்குத்தான் நீ கெட்டுப்போன. ஏன்தான் கூட்டிட்டுப் போனேனோ.

— ஏனா? அக்காவப் பத்தி விசாரிக்க. மொத பாதி முழுக்க அக்காவுக்கு என்ன புடிக்கும், கோவம் வருமான்னு கேட்டுட்டே இருந்தீங்க. ரெண்டு கோலும் அப்பதான் விழுந்துச்சு. நீங்க பாக்கவே இல்ல.

— கோவம் வருமான்னு கேட்டதுக்கு வராதுன்னு சொன்னியே... நல்லா இருப்படா நீ.

— சரி, அக்கா வர்றதுக்குள்ள மேட்ச்சப் போடவா? நாலு மணிக்குக் கடைய சாத்திட்டு வந்துடுவா. வந்தா சீரியல்.

— போடு. சத்தத்த நிறுத்திட்டுப் போடு.

— அது தெரியாதா? ஞாயித்துக்கிழமை இந்த வீட்ல எப்ப சத்தம் வச்சுப் பாத்தோம்?

— அந்த வர்ணனைக்காரன் உன் ஆளோட சித்தப்பா மாதிரி பேசுவான். கேட்டாலே பத்திக்கிட்டு வரும். அவனவன் ஆளுக்கு அவனவன் வர்ணனை. அதான் இங்க சட்டம்.

— நாளைக்குக் காலைல எத்தன மணிக்கு மாமா?

— என்னது?

— கண்ணு டெஸ்ட்.

— ஒம்போதரைக்கு. கிரேன் ஓட்டுறவனுக்கு வருஷா வருஷம் வைக்கிறதுதானே. போர்டப் பாரு, எழுத்தச் சொல்லு, கையெழுத்துப் போடு. பத்து மணிக்கு நான் மேல கேபின்ல இருப்பேன். நீ கீழ கம்பிக்கட்ட கொக்கியில மாட்டிட்டு, தூக்கு மாமான்னு நிப்ப.

— நானும் கூட வரட்டுமா?

— எதுக்கு? என்னைப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறியா?

— இல்ல... வியாழக்கிழமை அப்படி ஆனதுக்கு அப்புறம்...

— காத்து மாப்ள. காத்துல கட்டு திரும்பிடுச்சு. யாருக்காவது ஒரு கீறல் விழுந்துச்சா?

— வெல்டருக்கு ஒரு முழம் தள்ளிப் போச்சு மாமா.

— தள்ளித்தானே போச்சு? இருபத்தோரு வருஷம். ஒரு செங்கல்ல கூட யார் தலையிலயும் போட்டதில்ல நான். மேட்ச்சப் போடுறியா, இல்ல நான் போய்ப் படுக்கவா?

— போடறேன், போடறேன். எது வேணும்?

— இதென்ன கேள்வி. இறுதி ஆட்டம். நெட்டை போட்ட கோல்.

— எண்பத்தேழாவது நிமிஷம்.

— எண்பத்தெட்டு. நெட்டை விஷயம்னா எல்லாத்துலயும் ஒண்ணு கொறச்சுச் சொல்லு.

— இருங்க... தள்ளிட்டே வரேன்... ஆங். இதோ ஓடுது.

— பாரு! மூலையிலேர்ந்து அடிக்கப் போறான். நெட்டை எங்க நிக்கிறான் பாத்தியா?

— எங்க மாமா?

— அந்தக் கம்பத்துகிட்ட. ரெண்டு பேர் அவன் சட்டையப் புடிச்சுத் தொங்குறானுங்க, கொடியில காயப்போட்ட துணி மாதிரி. பந்து வருது... வருது... எழும்புறான்! எழும்புறான் பாரு மாப்ள... மண்டை! உள்ள! யப்பா...

— கை தட்டிட்டீங்க.

— தட்டாம? இப்ப சொல்லு, உன் எறும்பால முடியுமா இது?

— மாமா... இன்னொரு தடவ போடட்டுமா?

— நூறு தடவ போடு.

— இந்தத் தடவ கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்களேன்.

— எதுக்கு? இங்கேர்ந்தே கண்ணாடி மாதிரி தெரியுது. இதோ... எழும்புறான்... கோல்! அந்தக் கீப்பர் மூஞ்சியப் பாரு. வாசல்ல மாமியாரப் பாத்த மாதிரி.

— மாமா.

— என்னடா?

— இது இறுதி ஆட்டம் இல்ல.

— என்ன இல்ல?

— அரை இறுதி. நெட்டைக்கு அன்னைக்குக் காய்ச்சல். ஆடவே இல்ல. இது கட்டெறும்பு... நடு மைதானத்துலேர்ந்து நாலு பேர ஏமாத்திட்டு வந்து தரையோட தரையா உருட்டி விட்டது. ரெண்டு தடவையும் அதான் போட்டேன். இருவது வருஷமா திட்டுன ஆளோட கோலுக்கு இப்ப எந்திரிச்சு நின்னு கை தட்டுனீங்க.

— ரிமோட்ட மாத்தி அமுக்கிட்டு என்னை முட்டாளாக்குறியா?

— ஆமா மாமா. வேணும்னுதான் மாத்தினேன்.

— கண்ணாடி போடல நான். அதான்.

— கண்ணாடி உங்க மூக்கு மேல இருக்கு.

— உனக்கு எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். என் சீட்டு மேல ஆசப்படற எவனோ. யாருடா அது? சூப்பர்வைசரோட தம்பியா?

— யாரும் சொல்லல. கீழ நிக்கிறவன் நான். உங்க கொக்கி எங்க வருதுன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?

— கொக்கி சரியாத்தான் வருது.

— நான் சொல்றதால வருது. முன்னாடி எப்படி? கையத் தாழ்த்தினா எறக்குவீங்க. விரிச்சா நிறுத்துவீங்க. நாப்பது மீட்டர் ஒசரத்துலேர்ந்து என் கட்டவிரல் தெரிஞ்சுச்சு உங்களுக்கு.

— ம்.

— கடைசியா நான் எப்ப கை காட்டினேன்?

— தெனமும்தான்...

— ரெண்டு மாசம் ஆச்சு மாமா. ரெண்டு மாசமா வாக்கிடாக்கியில வாயாலதான் சொல்றேன். வலது... இன்னும் வலது... ரெண்டு அடி... நில்லு. ஒரு நாள் வெறும் கொக்கிய வச்சுப் பாத்தேன். வாயால தூக்குன்னு சொல்லிட்டு, கைய விரிச்சுக் காட்டினேன். நீங்க தூக்கிட்டீங்க. வியாழக்கிழமை வாக்கிடாக்கி பேட்டரி செத்துப் போச்சு. காத்தே இல்ல மாமா அன்னைக்கு. ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். கம்பிக்கட்டு நிக்கல. வெல்டர் தரையோட படுத்தான். அவன் படுத்தது கூட உங்களுக்குத் தெரியல.

— காத்துன்னுதானே எல்லாரும் சொன்னாங்க?

— நான்தான் அப்படிச் சொன்னேன். அவங்க நம்பினாங்க. சொல்லுங்க மாமா.

— நடுவுலதான் மாப்ள. நேரா பாத்தா ஒரு புகை. ஓரமெல்லாம் நல்லாத்தான் தெரியுது. உன்னக்கூட... கொஞ்சம் தலையத் திருப்பினா தெரியும்.

— எப்பலேர்ந்து?

— மழை ஆரம்பிச்சப்போ. கேபின் கண்ணாடியில அழுக்குன்னு நெனச்சேன். தெனமும் ஏறினதும் தொடச்சேன். உள்ள தொடச்சேன், கைய நீட்டி வெளியவும் தொடச்சேன்...

— அக்காவுக்கு?

— தெரியாது. நீ சொல்லாத. சொல்றதா இருந்தா நான் சொல்லிக்கறேன்.

— நாளைக்கு டெஸ்ட்ல என்ன பண்றதா இருந்தீங்க?

— போன வாரம் மாத்திரை வாங்கற சாக்குல டெஸ்ட் எடுக்கற கிளினிக்குக்குப் போய் அந்தப் போர்ட ஃபோன்ல புடிச்சிட்டு வந்தேன். பெருசு பண்ணிப் பண்ணி... மனப்பாடம் ஆயிடுச்சு.

— நான் மேட்ச்ச மாத்தின மாதிரி அவங்க போர்ட மாத்தினா?

— மாத்த மாட்டாங்க.

— அதுதான் மாமா எனக்குப் பயம். மாத்தலன்னா நீங்க மேல ஏறிடுவீங்க.

— கீழ வந்து என்ன பண்ணச் சொல்ற? கேட்ல உக்கார வச்சு லாரி நம்பர் எழுதச் சொல்வானுங்க. அதுக்கும் கண்ணு வேணும்டா.

— மொதல்ல ஒரு நல்ல டாக்டர்கிட்டப் போவோம். டெஸ்ட்டுக்கு இல்ல. வைத்தியத்துக்கு.

— போனா சரியாயிடுமா?

— தெரியல. போகலன்னா ஆகாது. அது மட்டும் தெரியும். வெல்டர் நேத்து உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தான்ல? காத்துக்கு நீங்க என்னண்ணே பண்ணுவீங்கன்னு சொல்லிட்டு.

— தெரியும்டா. அந்த டீய நான் குடிக்கல. சரி. நாளைக்கு டெஸ்ட்டுக்கு முன்னாடி ஆபீஸ்ல நானே சொல்லிடறேன். நீ கூட வா. வாசல் வரைக்கும்.

— உள்ளயும் வரேன்.

— உள்ளயும் வா. ஒண்ணு மட்டும் சொல்லு மாப்ள. ரெண்டு மாசமா தெரிஞ்சும் நீ ஏன் வாயத் தொறக்கல? என்கிட்ட பயமா?

— உங்ககிட்டயா? நல்லா இருக்கு.

— அப்ப உன் அக்கா அழுவான்னா?

— அதுவும் இல்ல.

— பின்ன என்னடா?

— கிரேன் ஓட்டுற லைசென்ஸ் எனக்கு வந்து மூணு மாசம் ஆச்சு மாமா. வீட்ல யார்கிட்டயும் சொல்லல... நீங்க எறங்கினா அந்த சீட்டுல ஏறப் போறது நான்தான்.